கன்டெய்னருக்கு ரூட் ஃபைல்சிஸ்டம் அமைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்டெய்னர் (ஒரே கணினிக்குள் பிரித்து வைத்த, தனி அமைப்புபோல் ஓடும் சூழல்) பற்றிப் பேச உட்காரும் இடத்திலெல்லாம் என்னிடம் வரும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். போனில் ஒருவருக்குச் சொன்னதை மறுவாரம் இன்னொருவருக்குச் சொல்வேன். அதனால் எழுதியே வைத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்ட விதத்திலேயே போட்டிருக்கிறேன்.

உதாரணங்கள் எல்லாம் டெபியன் 12 ஓடும் ஹோஸ்ட் (கன்டெய்னரை ஓட்டும் கணினி), அதில் கன்டெய்னரை ஓட்டும் சிஸ்டம்டி-என்ஸ்பான் என்ற கருவி, இவற்றை வைத்துத்தான். டெபியனில் இது 'சிஸ்டம்டி-கன்டெய்னர்' என்ற பேக்கேஜில் வருகிறது. எல்எக்ஸ்சி என்ற இன்னொரு கன்டெய்னர் கருவி வைத்திருப்பவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும். கட்டளைப் பெயர்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கமான எழுத்துகளில் அடித்துக்கொள்ளுங்கள்.

ரூட் ஃபைல்சிஸ்டம்னா என்ன? தனி பார்ட்டிஷன் வேணுமா?

வேண்டாம். ஒரு சாதாரண டைரக்டரி போதும். லினக்ஸ் நிறுவிய எந்தக் கணினியிலும் '/' என்ற உச்சியிலிருந்து கீழே பின், எட்சி, யூஎஸ்ஆர், வார் என்று ஒரு மரம் இறங்கும் அல்லவா? அதே மரம், உங்கள் வட்டில் ஏதோ ஒரு டைரக்டரிக்குள் இருந்தால், அதுதான் ரூட் ஃபைல்சிஸ்டம். சுருக்கமாக ரூட்எஃப்எஸ். கன்டெய்னருக்குள் ஓடும் நிரலுக்கு அந்த டைரக்டரிதான் '/'. அதற்கு மேலே ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது.

இதைப் பழகிக்கொண்டால் பாதி பயம் போய்விடும். ரூட்எஃப்எஸ்ஸைத் திறந்து பார்க்கலாம், ஹோஸ்டில் இருந்தபடியே ஒரு கோப்பைத் திருத்தலாம், நகல் எடுக்கலாம். மாயம் எதுவும் இல்லை. ஆனால் யாருடைய கோப்பு, என்ன அனுமதி, எங்கிருந்து வந்தது என்ற மூன்றையும் சரியாக வைத்திருக்க வேண்டும். கீழே வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்று பிசகுவதால் வருபவை.

கர்னலே இல்லாம எப்படி பூட் ஆகுது?

கர்னல் (வன்பொருளை நிர்வகிக்கும் மைய நிரல்) ஹோஸ்டுடையது. கன்டெய்னர் தன் கோப்புகளை மட்டும் கொண்டுவருகிறது. உள்ளே 'யூநேம்' கட்டளை கொடுத்துப் பாருங்கள், ஹோஸ்டின் கர்னல் எண்தான் வரும். 'பூட்' என்ற சொல் இங்கே கொஞ்சம் குழப்பும். பயாஸும் பூட்லோடரும் கர்னலும் கிளம்பும் கட்டங்கள் எதுவும் இல்லை. உள்ளே இருக்கும் இனிட் நிரலை முதல் பிராசஸாக ஓட்டிவிடுகிறோம், அது மற்ற சேவைகளைக் கிளப்புகிறது. அவ்வளவுதான்.

ஆகவே ரூட்எஃப்எஸ்ஸில் கர்னல் பேக்கேஜ் போடாதீர்கள். கிரப், ஃபர்ம்வேர் எதுவும் வேண்டாம். இடம்தான் வீண்.

சிஹெச்ரூட் போதாதா? எதுக்கு என்ஸ்பான்?

சிஹெச்ரூட் 1979 இல் வந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே இருக்கிறது. அது மாற்றுவது ஒன்றே ஒன்றை: '/' எது என்பதை. பிராசஸ் பட்டியல், நெட்வொர்க், ஹோஸ்ட்பெயர் எல்லாம் பொதுவாகவே இருக்கும். உள்ளே ரூட்டாக இருப்பவர் மனசு வைத்தால் வெளியே வந்துவிடவும் முடியும். அதைப் பாதுகாப்பு வேலி என்று நினைத்து யாரும் கட்டவில்லை.

என்ஸ்பான் கர்னலின் நேம்ஸ்பேஸ்களை (பிராசஸ் குழுக்களுக்குத் தனித்தனிப் பார்வை தரும் வசதி) பயன்படுத்துகிறது. பிராசஸ் பட்டியல் தனி, மவுண்ட் தனி, ஹோஸ்ட்பெயர் தனி. ப்ராக், சிஸ், டெவ் மூன்றையும் தானே மவுண்ட் செய்துகொடுத்து, வெளியே வந்ததும் தானே எடுத்துவிடும். சிஹெச்ரூட்டில் இதையெல்லாம் நாம் கையால் செய்ய வேண்டும், பிறகு மறந்துவிடுவோம். மறந்தால் என்ன ஆகும் என்பதைக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

சரி, ரூட்எஃப்எஸ் எப்படி உருவாக்குறது?

டெபியனுக்கு டெபூட்ஸ்ட்ராப். அதற்கு மூன்று விவரம் கொடுத்தால் போதும்: எந்த வெளியீடு (டெபியன் 12 என்றால் புக்வோர்ம்), எந்த டைரக்டரி, எந்த மிர்ரர் (பேக்கேஜ்களை இறக்கும் சர்வர்). டைரக்டரியை /வார்/லிப்/மெஷின்ஸ் என்ற இடத்துக்குக் கீழே வையுங்கள். கன்டெய்னர்களை நிர்வகிக்கும் மெஷின்சிடிஎல் கட்டளை அங்கேதான் தேடும், பின்னால் வசதி. நிறைய நாள் ஹோம் டைரக்டரிக்குள் வைத்துவிட்டு, பிறகு இடம் மாற்றும்போது அனுமதிகளைக் கெடுத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

டெபூட்ஸ்ட்ராப் செய்வது இதுதான்: மிர்ரரிலிருந்து பேக்கேஜ் பட்டியலை இறக்கி, அதன் கையொப்பத்தைச் சரிபார்த்து, அடிப்படைப் பேக்கேஜ்களைப் பிரித்து டைரக்டரியில் போடும். பிறகு அந்த டைரக்டரிக்குள்ளேயே சிஹெச்ரூட் செய்து ஒவ்வொன்றையும் முறையாக நிறுவும். இதற்கு ரூட் உரிமை வேண்டும். ரூட் இல்லாமல் செய்ய நினைப்பவர்கள் எம்எம்டெப்ஸ்ட்ராப் என்ற இன்னொரு கருவியைப் பாருங்கள், வேகமும் அதிகம்.

மற்றவற்றில் வழி வேறு, கருத்து ஒன்று. ஃபெடோராவில் டிஎன்எஃப் கட்டளையின் இன்ஸ்டால்ரூட் விருப்பம், ஆர்ச்சில் பேக்ஸ்ட்ராப், ஆல்பைனுக்கு அவர்களே தரும் மினிரூட்எஃப்எஸ் டார் கோப்பு (பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிய தொகுப்பு).

உபுண்டுல இருந்து டெபியன் போடுறேன். சாவி இல்லைன்னு எச்சரிக்கை வருது. 'நோ-செக்-ஜிபிஜி' போட்டுடலாமா?

போடாதீர்கள். டெபியனின் பொதுச் சாவிகள் 'டெபியன்-ஆர்க்கைவ்-கீரிங்' என்ற பேக்கேஜில் இருக்கின்றன. உபுண்டு களஞ்சியத்திலும் அது உண்டு. நிறுவிவிட்டு மறுபடி ஓட்டுங்கள், எச்சரிக்கை போய்விடும். இரண்டு நிமிட வேலை.

இந்த இடத்தில் சோம்பல்பட்டால், பின்னால் அந்த ரூட்எஃப்எஸ்ஸின் மேல் என்ன கட்டினாலும் அடித்தளம் யார் போட்டது என்று உங்களுக்குத் தெரியாது. தெரியாத தளத்திலிருந்து 'ரெடிமேட் ரூட்எஃப்எஸ்' என்று டார் கோப்பு இறக்குவதற்கும் இதே பதில்தான்.

'மின்பேஸ்' போட்டேன், சின்னதா நல்லா இருந்தது. ஆனா பூட் ஆக மாட்டேங்குது.

வேரியன்ட்=மின்பேஸ் என்று சொன்னால் கட்டாயப் பேக்கேஜ்களும் ஏபிடி என்ற பேக்கேஜ் நிர்வாகியும் மட்டும் வரும். அதில் இனிட் கிடையாது. ஷெல்லில் நுழைந்து ஏதாவது தொகுக்க, சோதிக்க அது போதும். பூட் விருப்பத்தோடு ஓட்டினால் 'எஸ்பின் இனிட் கிடைக்கவில்லை' என்ற பொருளில் பிழை காட்டி நின்றுவிடும்.

பூட் ஆக வேண்டும் என்றால் இன்க்லூட் விருப்பத்தில் சிஸ்டம்டி-எஸ்ஒய்எஸ்வி (சிஸ்டம்டியை இனிட்டாக வைக்கும் பேக்கேஜ்), டிபஸ் (நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் வழி) இரண்டையும் சேருங்கள். டிபஸ்ஸைப் பலர் விட்டுவிடுவார்கள். பிறகு 'மெஷின்சிடிஎல் லாகின்', 'மெஷின்சிடிஎல் ஷெல்' வேலை செய்யவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். கன்டெய்னருக்குள் இருக்கும் சிஸ்டம்டியோடு ஹோஸ்ட் பேசுவது டிபஸ் வழியாகத்தான். வேரியன்ட் சொல்லாமல் முழுதாகப் போட்டால்கூட டிபஸ் தானாக வராது, ஏனென்றால் டெபூட்ஸ்ட்ராப் பரிந்துரைப் பேக்கேஜ்களைக் கண்டுகொள்வதில்லை.

ஆல்பைன் மூணே எம்பி. எல்லாத்துக்கும் அதையே போட்டா என்ன?

மினிரூட்எஃப்எஸ் சுருக்கிய நிலையில் சுமார் 3 எம்பி, உண்மைதான். சிறிய ஒரு சேவைக்கு அருமையான தேர்வு. ஆனால் அதன் சி நூலகம் மசல், டெபியனில் ஜிலிப்சி. கட்டளைகள் பெரும்பாலும் பிசிபாக்ஸ். ஜிலிப்சிக்காகத் தொகுத்துக் கொடுக்கப்பட்ட நிரல்கள், அதிலும் மூலநிரல் இல்லாமல் வரும் வணிக நிரல்கள், அங்கே அப்படியே ஓடாது. பாஷ்கூட இயல்பாக இருக்காது.

என் கணக்கு இப்படி: நான் எழுதிய நிரல், நானே தொகுக்க முடியும் என்றால் ஆல்பைன். பிறர் தொகுத்துக் கொடுத்தது என்றால் டெபியன். சில நூறு எம்பி வட்டு மிச்சம் பிடிக்கப் போய் ஒரு வாரம் பிழை தேடுவது லாபமில்லை.

புரோகிராம் கண்ணு முன்னாடி இருக்கு. ஓட்டினா 'நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி'. இது என்ன கொடுமை?

இந்தப் பிழைச் செய்தி எத்தனையோ பேரைத் திசைதிருப்பியிருக்கிறது. இல்லாதது உங்கள் நிரல் அல்ல. நிரலை ஏற்றிவிடும் லோடர். டைனமிக்காக இணைக்கப்பட்ட ஒவ்வொரு நிரலுக்குள்ளும் அதன் லோடரின் முழுப் பாதை எழுதப்பட்டிருக்கும். 64 பிட் ஜிலிப்சி நிரல் என்றால் அது /லிப்64 டைரக்டரியில் எல்டி-லினக்ஸ் என்று தொடங்கும் கோப்பு. கர்னல் அதைத் தேடி, கிடைக்காமல், 'கோப்பு இல்லை' என்று சொல்கிறது. எந்தக் கோப்பு என்று சொல்வதில்லை. 'ரீட்எல்ஃப்' கட்டளையின் எல் விருப்பம் அந்தப் பாதையைக் காட்டும்.

மூன்று காரணங்கள் அடிக்கடி வரும். முதலாவது, மேலே சொன்ன ஆல்பைன் கதை. இரண்டாவது, ஹோஸ்டிலிருந்து யூஎஸ்ஆர் டைரக்டரியை மட்டும் நகலெடுத்து ரூட்எஃப்எஸ் செய்ய முயல்வது. இன்றைய டெபியனில் பின், லிப், லிப்64 எல்லாம் யூஎஸ்ஆருக்குள் சுட்டும் சிம்லிங்குகள். மேல்மட்டத்தில் அந்தச் சிம்லிங்குகளை உருவாக்காவிட்டால் லோடரின் பாதை அறுந்துபோகும். மூன்றாவது, ஸ்கிரிப்ட். முதல் வரியில் பாஷ் என்று எழுதியிருக்கும், உள்ளே பாஷ் இருக்காது.

லாகின் கேட்குது. நான் பாஸ்வேர்டே வைக்கலையே?

வைக்கவில்லை என்பதுதான் சிக்கல். டெபூட்ஸ்ட்ராப் ரூட்டுக்குப் பாஸ்வேர்டு அமைப்பதில்லை, கணக்கு பூட்டியே இருக்கும். முதல் தடவை பூட் விருப்பம் இல்லாமல் என்ஸ்பான் கொடுத்தால் லாகின் கேட்காமல் நேரே ரூட் ஷெல் கிடைக்கும். அங்கே 'பாஸ்வேர்டு' கட்டளையைக் கொடுத்து அமைத்துவிட்டு வெளியே வந்து, பிறகு பூட் செய்யுங்கள்.

பாஸ்வேர்டு சரியாக இருந்தும் உள்ளே விடவில்லை என்றால், உள்ளே இருப்பது டெபியன் 10 அல்லது அதற்குப் பழையதா என்று பாருங்கள். அவற்றில் எட்சிக்குள் 'செக்யூர்டிடிஒய்' என்ற கோப்பு, ரூட் எந்த டெர்மினலில் நுழையலாம் என்று பட்டியலிடும். கன்டெய்னரின் டெர்மினல் அதில் இருக்காது. இன்னொன்று: லாகின் திரையில் மாட்டிக்கொண்டால் கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு வலது சதுர அடைப்பு விசையை ஒரு நொடிக்குள் மூன்று தடவை தட்டுங்கள். வெளியே வந்துவிடலாம்.

கையால ஓட்டினா நெட் வருது. மெஷின்சிடிஎல் ஸ்டார்ட் கொடுத்தா நெட் போயிடுது. ஏன் இப்படி?

இரண்டும் ஒரே என்ஸ்பான்தான், இயல்பு அமைப்புகள் வேறு. கையால் ஓட்டும்போது கன்டெய்னர் ஹோஸ்டின் நெட்வொர்க்கையே பகிர்ந்துகொள்கிறது. (அதனால்தான் உள்ளே எஸ்எஸ்ஹெச் சேவை போட்டால் 22 ஆம் போர்ட் ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது என்று சண்டை வரும்.) மெஷின்சிடிஎல் வழியாகத் தொடங்கினால் தனி நெட்வொர்க், நடுவில் ஒரு மெய்நிகர் ஈதர்நெட் கம்பி. உள்ளே அதன் பெயர் ஹோஸ்ட்0.

அந்தக் கம்பியின் இரண்டு முனையிலும் முகவரி கொடுக்க ஆள் வேண்டும். அந்த ஆள் சிஸ்டம்டி-நெட்வொர்க்டி. அது இரண்டு பக்கமும் ஓடினால், கூட வரும் இயல்பு அமைப்புக் கோப்புகளே முகவரி, டிஹெச்சிபி (முகவரியைத் தானாக வழங்கும் முறை), நாட் (ஹோஸ்டின் முகவரி வழியாக வெளியே செல்லும் முறை) எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். டெபியன் ஹோஸ்டில் வேறு ஏதாவது நெட்வொர்க்கை நிர்வகித்துக்கொண்டிருக்கும், நெட்வொர்க்டி தூங்கிக்கொண்டிருக்கும். இரு பக்கமும் இயக்குங்கள்.

முகவரி வந்தும் தளப் பெயர்கள் முகவரியாக மாறவில்லை என்றால் ரிசால்வ்.கான்ஃப் கோப்பைப் பாருங்கள். டெபூட்ஸ்ட்ராப் ஹோஸ்டின் ரிசால்வ்.கான்ஃபையும் ஹோஸ்ட்நேம் கோப்பையும் அப்படியே உள்ளே நகலெடுத்துவிடும். ஹோஸ்டில் 127.0.0.53 என்று இருந்தால், தனி நெட்வொர்க்கில் அந்த முகவரி கன்டெய்னரையே குறிக்கும். அங்கே பதில் சொல்ல யாரும் இல்லை.

டாக்கர் இமேஜை எடுத்து ரூட்எஃப்எஸ்ஸா வச்சுக்கலாமா?

வைத்துக்கொள்ளலாம். இமேஜிலிருந்து (டாக்கர் என்ற கன்டெய்னர் கருவியின் ரூட்எஃப்எஸ் தொகுப்பிலிருந்து) ஒரு கன்டெய்னரை உருவாக்கி 'டாக்கர் எக்ஸ்போர்ட்' கொடுத்தால் முழு மரமும் ஒரே டார் கோப்பாக வரும். 'டாக்கர் சேவ்' வேறு. அது அடுக்குகளைத் தனித்தனியாகக் கட்டித் தரும், நேரடியாகப் பிரித்தால் ரூட்எஃப்எஸ் ஆகாது. இந்த இரண்டையும் மாற்றிக் கொடுத்துவிட்டுக் கேட்க வருபவர்கள் அதிகம்.

டாக்கர் இமேஜ்கள் ஒரு நிரலை ஓட்டுவதற்காகச் செய்யப்பட்டவை. இனிட் இருக்காது, மின்பேஸ் பற்றிச் சொன்னதெல்லாம் இங்கேயும் பொருந்தும். சூழல் மாறிகளும் தொடக்கக் கட்டளையும் இமேஜின் மேல்விவரத்தில் இருப்பவை, டாரில் வராது. அவற்றை நீங்கள் மறுபடி சொல்ல வேண்டும்.

கோப்போட ஓனரைப் பார்த்தா ஏதோ கோடிக்கணக்குல ஒரு நம்பர் வருது. ஹேக் ஆயிடுச்சா?

ஆகவில்லை, நிம்மதியாக இருங்கள். மெஷின்சிடிஎல் வழியாகத் தொடங்கும்போது யூசர் நேம்ஸ்பேஸ் இயல்பாகவே போடப்படுகிறது. கன்டெய்னருக்குள் 0 முதல் 65535 வரை இருக்கும் பயனர் எண்கள், ஹோஸ்டில் வேறொரு உயர்ந்த வரிசைக்கு மாற்றப்படுகின்றன. உள்ளே ரூட்டாக இருப்பவர் வெளியே பெயரே இல்லாத ஒரு எண். உள்ளே ஒருவர் அத்துமீறி வெளியே வந்தாலும் அவரிடம் ரூட் அதிகாரம் இருக்காது. இது நல்ல விஷயம், அணைக்காதீர்கள்.

கர்னலும் ஃபைல்சிஸ்டமும் புதிதாக இருந்தால் இந்த மாற்றம் மவுண்டிலேயே நடக்கும், வட்டில் உள்ள எண்கள் அப்படியே இருக்கும். பழையதாக இருந்தால் என்ஸ்பான் ஒவ்வொரு கோப்பின் உரிமையாளரையும் நிஜமாகவே மாற்றி எழுதிவிடும். நீங்கள் பார்த்தது அதைத்தான். அதன் பிறகு அதே டைரக்டரியை யூசர் நேம்ஸ்பேஸ் இல்லாமல் கையால் ஓட்டினால் உள்ளே எல்லாம் 'நோபடி'யோ வெறும் எண்ணோ ஆகி உடைந்துபோகும். திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவர, பிரைவேட்-யூசர்ஸ்=0 என்றும் பிரைவேட்-யூசர்ஸ்-ஓனர்ஷிப்=சௌன் என்றும் கொடுத்து ஒருமுறை ஓட்டினால் போதும். ஒவ்வொரு கோப்பாக நீங்கள் உட்கார்ந்து 'சௌன்' செய்ய முயலாதீர்கள். ரூட் அல்லாத கணக்குகளின் கோப்புகளும் கலந்துபோய்விடும்.

டார் போட்டு வேற கணினிக்கு மாத்தினேன். பாதி வேலை செய்யலை.

முதல் கேள்வியில் சொன்ன 'யாருடைய கோப்பு, என்ன அனுமதி' இங்கேதான் கெடும். ரூட்டாக இல்லாமல் டாரைப் பிரித்தால் எல்லாக் கோப்பும் உங்கள் பெயருக்கு வந்துவிடும். ரூட்டாகப் பிரித்தாலும் டார் இயல்பாகப் பெயரைப் பார்த்து உரிமை கொடுக்கும். இரண்டு கணினியிலும் ஒரே பெயருக்கு வேறு வேறு எண் இருந்தால் உரிமை மாறும். அதனால் கட்டும்போதும் பிரிக்கும்போதும் நியூமெரிக்-ஓனர் விருப்பம் கொடுங்கள்.

அடுத்தது எக்ஸ்டெண்டட் ஆட்ரிப்யூட் (கோப்போடு ஒட்டி வைக்கும் கூடுதல் தகவல்). டெபியன் 12 இல் பிங் போன்ற நிரல்களுக்கான சிறப்பு உரிமை அந்த இடத்தில் எழுதப்படும். டார் அதைத் தானாக எடுத்துக்கொள்ளாது, எக்ஸ்ஆட்ரிப்ஸ் விருப்பத்தையும், பிரிக்கும்போது எக்ஸ்ஆட்ரிப்ஸ்-இன்க்லூட்='*' என்பதையும் சொல்ல வேண்டும். ஆர்சிங்க் என்றால் ஏ-யோடு பெரிய ஹெச், ஏ, எக்ஸ் மூன்றும், நியூமெரிக்-ஐடிஸும். கன்டெய்னரை நிறுத்திவிட்டு எடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸை இப்படி நகலெடுத்தால் நகல் நம்பத்தக்கதல்ல.

ஒரு ரூட்எஃப்எஸ்ஸை நாலு காப்பி எடுத்தேன். நாலுக்கும் ஒரே ஐபி வருது!

இதை முதலில் பார்த்தபோது எனக்கும் பாதி நாள் போனது. மேக் முகவரியை (நெட்வொர்க் இணைப்பின் அடையாள எண்) பார்த்தேன், நான்கும் வேறு. டிஹெச்சிபி வழங்கியைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் குற்றவாளி எட்சிக்குள் இருக்கும் மெஷின்-ஐடி கோப்பு. நெட்வொர்க்டி தன்னை டிஹெச்சிபியிடம் அறிமுகப்படுத்தும் அடையாளத்தை மேக்கிலிருந்து எடுப்பதில்லை, மெஷின்-ஐடியிலிருந்து கணக்கிடுகிறது. நகலெடுத்த நான்கும் தாங்கள் ஒரே ஆள் என்று சொன்னால், கொடுப்பவர் ஒரே முகவரியைத்தானே கொடுப்பார்?

நகலெடுப்பதற்கு முன் அந்தக் கோப்பைக் காலியாக்குங்கள். அழிக்க வேண்டாம், உள்ளடக்கத்தை மட்டும் காலி செய்யுங்கள். அடுத்த பூட்டில் புதிய எண் உருவாகும். கூடவே எஸ்எஸ்ஹெச் ஹோஸ்ட் சாவிகளையும் நீக்கி, ஒவ்வொரு நகலிலும் புதிதாக உருவாக்குங்கள். இல்லாவிட்டால் ஒரு கன்டெய்னரின் சாவி கசிந்தால் நான்கும் போயிற்று. ஹோஸ்ட்நேமையும் மாற்றிவிடுங்கள், அதுவும் ஹோஸ்டிலிருந்து வந்த நகல் என்று மேலே பார்த்தோம்.

நகல்கள் சோதனைக்கு மட்டும்தான் என்றால் எஃபெமரல் விருப்பத்தைப் பாருங்கள். தற்காலிகப் பிரதி எடுத்து ஓட்டி, நிறுத்தியதும் வீசிவிடும். பிடிஆர்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டமில் அது ஒரு ஸ்னாப்ஷாட், உடனே முடியும். எக்ஸ்ட்4 இல் முழு மரத்தையும் நகலெடுக்கும் என்பதால் காத்திருக்க வேண்டும்.

என்கிட்ட சாதாரண பிசி. ராஸ்பெர்ரி பைக்கு ரூட்எஃப்எஸ் இங்கேயே செய்ய முடியுமா?

முடியும். டெபூட்ஸ்ட்ராப்பின் வேலை இரண்டு கட்டம் என்று பார்த்தோம்: பிரித்துப் போடுவது, உள்ளே போய் நிறுவுவது. முதல் கட்டத்துக்கு எந்தச் சிபியுவும் போதும். இரண்டாம் கட்டத்தில் ஆர்ம் (பையின் சிபியு வகை) நிரல்களை ஓட்ட வேண்டும், அங்கேதான் 'எக்ஸிக் ஃபார்மட் எரர்' வரும். ஆர்க்=ஆர்ம்64, ஃபாரின் இரண்டையும் கொடுத்து முதல் கட்டத்தோடு நிறுத்தலாம். டார் கட்டிப் பையிலேயே கொண்டுபோய் செகண்ட்-ஸ்டேஜ் ஓட்டலாம்.

அல்லது டெபியன் 12 இல் கியூஎமு-யூசர்-ஸ்டாட்டிக் பேக்கேஜை நிறுவினால், கர்னலின் பின்எஃப்எம்டி வசதி வழியாக ஆர்ம் நிரல்கள் உங்கள் பிசியிலேயே ஓடும். நிதானமாகத்தான் ஓடும். அடிப்படை அமைப்புக்குப் பரவாயில்லை. அதற்குள் பெரிய நிரலைத் தொகுக்க உட்கார்ந்தால் பொறுமை சோதிக்கப்படும்.

உள்ளே 'எல்எஸ்' போட்டா தமிழ்ப் பெயர் வச்ச கோப்பெல்லாம் எண்ணா தெரியுது. பெயர் கெட்டுப்போச்சா?

பெயர் அப்படியே இருக்கிறது. புதிய ரூட்எஃப்எஸ்ஸில் லோகேல் (மொழி, எழுத்துமுறை அமைப்பு) எதுவும் அமைக்கப்பட்டிருக்காது, எனவே வெறும் 'சி' லோகேல். அதற்கு ஆஸ்கிக்கு மேல் எதுவும் தெரியாது. தமிழின் ஒவ்வொரு யூனிகோட் குறியும் யுடிஎஃப்-8 இல் மூன்று பைட், மூன்றையும் எண்களாகக் காட்டுகிறது. லாங் மாறியை 'சி.யுடிஎஃப்-8' என்று வையுங்கள். மின்பேஸில்கூட அது இருக்கிறது, கூடுதல் பேக்கேஜ் வேண்டாம். அகரவரிசையும் செய்திகளும் தமிழிலேயே வேண்டும் என்றால் லோகேல்ஸ் பேக்கேஜைப் போட்டு இந்தியத் தமிழ் லோகேலை உருவாக்குங்கள்.

இதைச் சின்ன விஷயம் என்று விடாதீர்கள். கோப்புப் பெயரைக் கையாளும் சில ஸ்கிரிப்டுகள், பேக்கப் ஸ்கிரிப்டுகள் தவறான லோகேலில் தமிழ்ப் பெயர்களைப் பார்த்துத் தடுமாறும். நம் மொழியில் பெயர் வைப்பவர்களுக்கு முதல் நாளே செய்ய வேண்டிய அமைப்பு இது.

ஹோஸ்ட்ல அப்டேட் போட்டா உள்ளேயும் போயிடும்தானே?

போகாது. ஹோஸ்ட் அப்டேட்டில் கன்டெய்னருக்குப் பயன்படுவது கர்னல் மட்டும். உள்ளே இருக்கும் ஓபன்எஸ்எஸ்எல், உள்ளே நீங்களே புதுப்பிக்கும்வரை பழையதுதான். பத்து கன்டெய்னர் என்றால் பத்து தடவை. டெபூட்ஸ்ட்ராப் எழுதும் சோர்சஸ்.லிஸ்ட் கோப்பில் பாதுகாப்புக் களஞ்சியத்துக்கான வரி இருக்காது. அதை நீங்கள்தான் சேர்க்க வேண்டும், பலர் சேர்ப்பதே இல்லை.

இன்னும் சின்னதாக்க என்னவெல்லாம் அழிக்கலாம்?

ஏபிடி கேஷ், பட்டியல்கள் இரண்டும் தாராளமாகப் போகலாம். ஆவணங்களும் பிறமொழிச் செய்திகளும் வேண்டாம் என்றால் அழிப்பதைவிட டிபிகேஜியின் பாத்-எக்ஸ்க்லூட் அமைப்பில் எழுதிவையுங்கள், அடுத்த அப்டேட்டிலும் வராது. காப்பிரைட் கோப்புகளை விட்டுவையுங்கள். ரூட்எஃப்எஸ்ஸைப் பிறருக்குக் கொடுக்கும்போது உரிம விவரம் கூடவே போக வேண்டும்.

தொடக்கூடாதது /வார்/லிப்/டிபிகேஜி. அது போனால் உள்ளே என்ன நிறுவியிருக்கிறது என்பதே யாருக்கும் தெரியாது, பாதுகாப்பு அப்டேட்டும் போட முடியாது.

பழைய சென்ட்ஓஎஸ் 6 சாஃப்ட்வேர் ஒண்ணு இருக்கு. கன்டெய்னர்ல போட்டா பாஷே உடனே செத்துப்போகுது.

கர்னல் ஹோஸ்டுடையது என்று இரண்டாவது பதிலில் சொன்னதன் விலை இது. சென்ட்ஓஎஸ் 6 இன் ஜிலிப்சி 2.12, நேரம் கேட்பது போன்ற சில அழைப்புகளுக்கு விசிஸ்கால் என்ற பழைய முறையை நம்புகிறது. டெபியன் கர்னலில் பாதுகாப்புக்காக அது இயல்பாக அணைக்கப்பட்டிருக்கிறது. பாஷ் அந்த முகவரியைத் தொட்டதும் செக்மென்டேஷன் ஃபால்ட். ஹோஸ்டின் கர்னல் பூட் வரியில் விசிஸ்கால்=எமுலேட் சேர்த்து ரீபூட் செய்தால் ஓடும்.

சென்ட்ஓஎஸ் 7 இல் வேறு தொல்லை. ஷெல் வரும், பூட் ஆகாது. அதன் சிஸ்டம்டி 219 க்கு சிகுரூப் (பிராசஸ்களைக் குழுவாக்கி அளவு வைக்கும் கர்னல் வசதி) இரண்டாம் பதிப்பு தெரியாது. டெபியன் 11 முதல் ஹோஸ்டில் அதுதான் இயல்பு. ஒரு நிரலை மட்டும் ஓட்டுவது என்றால் பூட் இல்லாமல் ஓட்டிக்கொள்ளுங்கள். முழு அமைப்பும் வேண்டும் என்றால் விர்ச்சுவல் மெஷின்தான் சரி. சென்ட்ஓஎஸ் 6 க்கான ஆதரவு 2020 நவம்பரிலேயே முடிந்துவிட்டது, அதை வெளி நெட்வொர்க்குக்குத் திறந்து வைக்காதீர்கள்.

வேலை முடிஞ்சுது. டைரக்டரியை ஆர்எம்-ஆர்எஃப் போட்டு அழிச்சுடலாமா?

ஒரு நிமிடம் பொறுங்கள். பல வருடம் முன்பு நான் சிஹெச்ரூட்டுக்குள் வசதிக்காக என் ஹோம் டைரக்டரியைப் பைண்ட் மவுண்ட் (அதே டைரக்டரியை இன்னொரு இடத்திலும் தெரியவைப்பது) செய்திருந்தேன். வேலை முடிந்து, மவுண்ட் இருப்பதை மறந்து, டைரக்டரியை அழித்தேன். வழக்கத்தைவிட நேரம் அதிகமாக எடுக்கிறதே என்று தோன்றி நிறுத்துவதற்குள் இரண்டு வருடப் புகைப்படங்கள் போய்விட்டன. பேக்கப்பில் பாதிதான் இருந்தது. இன்றும் அந்தக் கட்டளையை அடிக்கும்போது கை நிற்கும்.

ஆர்எம் கட்டளைக்கு ஒன்-ஃபைல்-சிஸ்டம் என்ற விருப்பம் இருக்கிறதே என்று கேட்பார்கள். அது வேறு வட்டின் மவுண்ட்டைத் தாண்டாமல் காக்கும். ஆனால் ஒரே பார்ட்டிஷனுக்குள் செய்த பைண்ட் மவுண்டுக்கு சாதன எண் ஒன்றே என்பதால் அது கண்டுபிடிக்காது. உள்ளே போய் அழித்துவிடும். என் கதையில் ஹோமும் அதே பார்ட்டிஷன்தான்.

முதலில் கன்டெய்னரை நிறுத்துங்கள். 'ஃபைண்ட்மவுண்ட்' கொடுத்து அந்தப் பாதையின் கீழ் எதுவும் மவுண்ட் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அன்மவுண்ட். 'டார்கெட் இஸ் பிஸி' என்றால் உள்ளே ஏதோ சேவை இன்னும் ஓடுகிறது. சிஹெச்ரூட்டில் பேக்கேஜ் நிறுவும்போது தானாகக் கிளம்பிய சேவையாக இருக்கும், தேடி நிறுத்துங்கள். பட்டியல் காலியான பிறகு /வார்/லிப்/மெஷின்ஸில் இருப்பது என்றால் 'மெஷின்சிடிஎல் ரிமூவ்'. பிடிஆர்எஃப்எஸ்ஸில் உள்ளே இருக்கும் துணைத்தொகுதிகளையும் அதுவே எடுத்துவிடும். வேறு இடத்தில் இருந்தால் ஃபைண்ட்மவுண்ட்டை இன்னொரு தடவை ஓட்டிவிட்டு, அப்புறம் ஆர்எம்.